வயதான தொட்டி மீனைச் சாப்பிடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொளத்தூரில் 18 வருடமாக வண்ண மீன் கடை வைத்திருக்கிறேன். பிறந்து வளர்ந்தது காசிமேட்டில். நைனா விசைப்படகில் கடலுக்குப் போனவர். ஆயா துறைமுகத்தில் கூடை வைத்து மீன் விற்றவர். கடைக்கு வருகிறவர்களில் வருடத்துக்கு நாலைந்து பேராவது இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், வஞ்சிரம் விலை ஏறிக் கிடக்கும்போது, இன்னும் அதிகமாக வரும். பாதிப் பேர் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பிப்பார்கள். கொஞ்ச நேரம் பேசினால் விஷயம் புரியும். வீட்டில் ஒரு மீன் சாகக் கிடக்கிறது, என்ன செய்வதென்று தெரியாமல் வந்திருக்கிறார்கள். தனித்தனியாகச் சொன்னதை எல்லாம் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

பத்து வருடம் வளர்த்த மீன். வயதாகிவிட்டது. குழம்பு வைத்துச் சாப்பிடலாமா?

கண்ணாடித் தொட்டியில் அழகுக்காக வளர்த்த மீன் என்றால் வேண்டாம். பாவ புண்ணியம் பார்த்து இதைச் சொல்லவில்லை. அந்த மீனின் உடம்பில் என்னென்ன மருந்து ஏறியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, விற்ற எனக்கும் முழுதாகத் தெரியாது. அதுதான் முதல் காரணம். இரண்டாவது காரணம் மனசைச் சேர்ந்தது. அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

சாப்பிடுவதற்கென்றே சிமெண்ட் தொட்டியில் வளர்த்த மீன் என்றால் பதில் வேறு.

எங்கள் வீட்டில் மீன் இல்லாமல் சோறு இறங்காது. வஞ்சிரத்தை வெட்டலாம், தொட்டியில் இருக்கும் ஆஸ்கார் மீனை வெட்டக் கூடாதா? இது போலித்தனம் இல்லையா?

இல்லை. எங்கள் குடும்பமே மீனால் பிழைத்தது என்பதால் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன்.

ஆயா நாள் முழுக்க மீன் அறுத்துக் கொடுப்பார். சங்கரா, பாறை, கானாங்கெளுத்தி எதுவானாலும் அந்தக் கை தயங்காது. ஆனால் வீட்டில் தவிடும் சோறும் போட்டு வளர்த்த சேவலை மட்டும் அவர் அறுக்க மாட்டார். பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு அவர்கள் வளர்த்ததை வாங்கிக்கொள்வார். அவர்களும் அப்படித்தான். சின்ன வயதில் எனக்கு இது புரியவே இல்லை. இரண்டும் கோழிதானே என்று கேட்டேன். "இது என் குரலுக்கு ஓடி வருதுடா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கடல் மீனுக்கும் நமக்கும் எந்தப் பேச்சும் கிடையாது. அது தன் பாட்டுக்கு இரை தேடித் தப்பித்துத் திரிந்தது, ஒரு நாள் வலையில் வந்தது. தொட்டி மீன் அப்படி இல்லை. இரை தேடுவதையும் ஓடித் தப்பிப்பதையும் நாம்தான் அதனிடமிருந்து எடுத்துக்கொண்டோம். பதிலுக்கு வேளைக்குத் தீனி, சுத்தமான தண்ணீர், பூனை எட்டாத இடம் என்று நாமே பொறுப்பேற்றோம். ஆஸ்கார் வளர்த்தவர்களுக்குத் தெரியும், வீட்டு ஆள் அறைக்குள் நுழைந்ததும் கண்ணாடிக்கு வந்து நிற்கும், விரலைக் கொண்டுபோனால் கூடவே வரும். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டே அதைப் பிடித்து அறுப்பது எனக்கு ஒப்பவில்லை.

ஆடு வளர்த்து பக்ரீத்துக்கோ குலதெய்வத்துக்கோ கொடுக்கிறவர்களை இதோடு சேர்க்காதீர்கள். எதற்காக வளர்க்கிறோம் என்பது அவர்களுக்கு முதல் நாளே தெரியும், அதற்கேற்ற மாதிரிதான் வளர்க்கிறார்கள். தொட்டி மீனை நாம் ஒரு காரணத்துக்காகக் கொண்டுவருகிறோம், கிழடானதும் காரணத்தை மாற்றிக்கொள்கிறோம். நான் தப்பு என்று சொல்வது இந்த மாற்றத்தைத்தான்.

அப்படி என்ன மருந்து மீன் உடம்பில் இருக்கப் போகிறது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நீங்கள் கையில் வாங்கும் முன்னாலேயே வண்ண மீன் பல கை மாறியிருக்கும். குஞ்சு பொரித்த இடம், வளர்த்த இடம், மொத்த வியாபாரி, அப்புறம் என்னைப் போன்ற கடைக்காரர். ஒவ்வொரு இடத்திலும் வெள்ளைப் புள்ளி, பூஞ்சை, வால் அழுகல் என்று ஏதாவது வரும். மெத்திலின் புளூ, மாலகைட் பச்சை, ஃபார்மலின், மயில்துத்தம் என்று ஏதாவது போடுவார்கள். வீட்டுக்குப் போன பிறகு நீங்களும் போட்டிருப்பீர்கள்.

இதில் மாலகைட் பச்சைதான் பெரிய சிக்கல். அது உண்மையில் துணிக்குப் போடும் சாயம். மீன் உடம்புக்குள் போனதும் நிறமில்லாத வேறொரு பொருளாக மாறிக் கொழுப்பில் தங்கிவிடும். மாதக் கணக்கில் இருக்கும், குழம்பில் கொதிக்க வைத்தாலும் முழுதாகப் போகாது. அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் சாப்பிடும் மீனுக்கு இதைப் பயன்படுத்தத் தடை இருக்கிறது. 2018-ல் சந்தை மீனில் ஃபார்மலின் என்று செய்தி வந்தபோது சென்னையே கொஞ்ச நாள் மீன் வாங்கப் பயந்தது ஞாபகம் இருக்கும். வண்ண மீன் தொழிலில் அதே ஃபார்மலின் சாதாரண மருந்து.

அடுத்தது ஆன்டிபயாடிக். உணவு மீன் பண்ணையில் எந்த மருந்து போடலாம், நிறுத்தி எத்தனை நாள் கழித்துப் பிடிக்கலாம் என்று கணக்கு உண்டு. குளோராம்பெனிகால், நைட்ரோஃபுரான் வகை மருந்துகளைப் போடவே கூடாது. வண்ண மீனுக்கு அந்தக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. யாரும் சாப்பிடப் போவதில்லை என்று நினைத்துத்தான் கொடுக்கிறார்கள்.

தீனியையும் பாருங்கள். சிவப்பாக நூல் மாதிரி நெளியும் டியூபிபெக்ஸ் புழு சாக்கடைச் சேற்றில் செழிப்பாக வளர்வது. அந்தச் சேற்றில் ஈயம், காட்மியம் இருந்தால் புழு உடம்பில் சேரும். புழுவை வருடக் கணக்கில் தின்ற மீனிடமும் கொஞ்சம் வந்து சேரும்.

நான் மருந்தே போட்டதில்லை. கல் உப்பு மட்டும்தான். அப்போதும் வேண்டாமா?

நீங்கள் போடவில்லை, சரி. சில வருடம் ஆகியிருந்தால் பழைய மருந்து குறைந்திருக்க வாய்ப்பு உண்டு. ஆனாலும் தைரியமாகச் சாப்பிடுங்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

கோய், கௌராமி எல்லாம் வேறு நாடுகளில் சாப்பிடுகிறார்களே?

சாப்பிடுகிறார்கள். கோய் மீனின் கதையே சாப்பாட்டில்தான் தொடங்குகிறது. ஜப்பானில் நீகாட்டா பகுதி மலைக் கிராமங்களில், பனிக்காலத்தில் சாப்பிட வயல் நீரில் கெண்டை வளர்த்தார்கள். அதில் இடையிடையே சிவப்பும் வெள்ளையுமாகச் சில குஞ்சுகள் பிறந்தன. அவற்றைச் சாப்பிடாமல் தனியே வளர்த்தார்கள். 1914-ல் டோக்கியோ கண்காட்சிக்குக் கொண்டுபோன பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. தங்கமீனும் சீனாவில் சாப்பாட்டுக் கெண்டையிலிருந்து வந்ததுதான். ராட்சத கௌராமி இந்தோனேசியாவில் விருந்துக்கு வைக்கும் மீன். ஆஸ்காரை அமேசான் பக்கம் பிடித்துத் தின்கிறார்கள். நம் சந்தையில் ரூப்சந்த் என்று விற்பது பாக்கு என்ற மீன் இனம். அதன் குஞ்சைத்தான் கடைகளில் தொட்டிக்கு விற்கிறார்கள்.

ஆக, இந்த மீன் இனங்களின் சதையில் விஷம் எதுவும் இல்லை. நான் வேண்டாம் என்பது உங்கள் தொட்டியில் இருக்கும் அந்த ஒரு மீனை. உடம்பை உருண்டையாக ஊதிக்கொள்ளும் பேத்தை மீன் மட்டும் விதிவிலக்கு. தொட்டிக்கென்று விற்கும் சின்னப் பேத்தையிலும் கொல்லும் விஷம் இருக்கலாம். அதை எந்த நிலையிலும் வாயில் வைக்கக் கூடாது.

மாடியில் சின்டெக்ஸ் தொட்டியில் ஜிலேபி மீன் வளர்க்கிறேன். அதையும் சாப்பிடக் கூடாதா?

தாராளமாகச் சாப்பிடுங்கள். உணவு மீன் குஞ்சு விற்கும் பண்ணையில் வாங்கி, நல்ல தீனி போட்டு, வண்ண மீன் மருந்து எதையும் தொடாமல் வளர்த்தால் சந்தை மீனைவிட உங்களுக்கு அதைப் பற்றி அதிகம் தெரியும். பிடிப்பதற்கு முன் சில நாள் சுத்தமான தண்ணீரில், தீனி போடாமல் விடுங்கள். தொட்டியில் வளரும் சில நுண்ணுயிர்கள் விடும் பொருளால்தான் சதையில் சேற்று வாடை வருகிறது. சுத்தமான தண்ணீரில் அது இறங்கிவிடும். மிச்சத்தைப் புளி பார்த்துக்கொள்ளும். வயதாக விடாதீர்கள், தட்டளவு வந்ததும் பிடித்துவிடுங்கள். பேர் வைக்க வேண்டாம், பிள்ளைகளையும் வைக்க விடாதீர்கள்.

என் மீனுக்கு உண்மையிலேயே வயதாகிவிட்டதா?

பல நேரம் இல்லை. நான்கு வயது தங்கமீனைக் காட்டிக் கிழம் என்பார்கள். தங்கமீன் 10 முதல் 15 வருடம் இருக்கும், நல்ல இடம் கிடைத்தால் 20-ம் தாண்டும். கோய் 25, 30 வருடம். ஆஸ்கார் 10-லிருந்து 15. பைட்டர் மூன்று வருடம், கப்பி இரண்டு மூன்று. சிகாகோ ஷெட் அக்குவேரியத்துக்கு 1933-ல் வந்த ஓர் ஆஸ்திரேலிய நுரையீரல் மீன் 2017 வரை இருந்தது. தாத்தா என்றே அதற்குப் பேர்.

வயதான மீன் மெதுவாகத் தளரும். நிறம் மங்கும், முதுகு லேசாக வளையும், கண் மங்கும், தீனிக்கு முதல் ஆளாக வராது. ஒரே வாரத்தில் சோர்ந்து விட்டால் அது வயதில்லை, தண்ணீர். ஃபில்டரைப் பாருங்கள், மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குழாயில் குளோரின் வாடை அடித்தால் ஒரு நாள் பிடித்து வைத்து ஊற்றுங்கள். உடம்பு ஊதி, செதில் பலாப்பழ முள் மாதிரி தூக்கிக்கொண்டு நின்றால் பெரும்பாலும் உள்ளே சிறுநீரகம் போய்விட்டது என்று அர்த்தம். அதிலிருந்து மீள்வது அபூர்வம்.

காலையில் பார்த்தேன், செத்து மிதக்கிறது. அதையாவது சமைக்கலாமா?

கூடவே கூடாது. எப்போது செத்தது, எதனால் செத்தது, இரண்டும் தெரியாது. நம் ஊர் வெயிலில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியில் இருக்கும், சில மணி நேரத்தில் கெட ஆரம்பித்துவிடும். மண்ணடிப் பக்கமிருந்து வரும் பாய் ஒருவர் மார்க்கத்தில் எப்படி என்ற பேச்சையும் எடுத்தார். தானாகச் செத்து மிதக்கும் மீனை ஹனஃபி மத்ஹபில் (இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்று) சாப்பிடுவதில்லை, ஷாஃபி மத்ஹபில் தடையில்லை. ஆனால் கெட்டுப் போனதைத் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளச் சொல்கிறவர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

பூனைக்குப் போடலாமா?

வேண்டாம். மருந்து பூனைக்கும் மருந்துதான்.

மீன் நோய் நமக்கு ஒட்டுமா?

சில ஒட்டும். அதில் முக்கியமானதை மீன் காசநோய் என்று சொல்வோம். அந்தக் கிருமி கையில் இருக்கும் கீறல் வழியாக ஏறும். விரலிலோ புறங்கையிலோ முடிச்சு முடிச்சாக வரும், மாதக் கணக்கில் ஆறாது. நன்றாக வெந்தால் கிருமி செத்துவிடும். ஆபத்து அறுக்கும் கைக்குத்தான். மெலிந்து, முதுகு கோணி, புண்ணோடு இருக்கும் மீனை வெறும் கையால் தொடாதீர்கள். கையில் ஆறாத முடிச்சோடு மருத்துவரிடம் போனால், மீன் தொட்டி வைத்திருக்கிறேன் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். சொன்னால்தான் அவருக்கு அந்த யோசனை வரும்.

இதோடு இன்னொன்று. கெண்டை இனத்தின் பித்தப்பையை மருந்து என்று நினைத்துச் சிலர் பச்சையாக விழுங்குகிறார்கள். ரோகு மீன் பித்தை விழுங்கி சிறுநீரகம் செயலிழந்தவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். தங்கமீனும் கோயும் அதே குடும்பம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வளர்த்த மீனைச் சாப்பிடக் கூடாது என்று சட்டம் இல்லை. 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் மனிதனைத் தவிர எல்லா உயிரும் விலங்குதான், மீனும் அதில் வரும். உணவுக்காகக் கொல்லலாம், தேவையில்லாமல் வதைக்கக் கூடாது. ஆசிய அரோவானா வைத்திருப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். அது சர்வதேசப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள இனம். வைத்திருப்பதைப் பதிவு செய்ய வேண்டும், செத்தாலும் தெரிவிக்க வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளி அரோவானா அந்தப் பட்டியலில் இல்லை.

மீனுக்கு வலிக்குமா?

வலிக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். 2003-ல் விஞ்ஞானி லின் ஸ்னெடனும் அவருடன் இருந்தவர்களும் டிரவுட் மீன்களை வைத்து ஆராய்ந்தார்கள். உடம்பில் அடிபட்டதை உணரும் நரம்புகள் அவற்றுக்கு இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் எரிச்சல் தரும் பொருள் ஏற்றிய மீன்கள் தீனியை மறந்து, உதட்டைக் கல்லில் தேய்த்தன. இதெல்லாம் வலி ஆகாது என்று வாதாடும் விஞ்ஞானிகளும் உண்டு. எனக்கு அந்தத் தேய்ப்பு போதும்.

பிழைக்காது என்று தெரிந்துவிட்டது. கஷ்டப்படாமல் எப்படி அனுப்பி வைப்பது?

வியாசர்பாடியில் ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர், 12 வருடம் வளர்த்த ஆஸ்காருக்காக ஒரு மாலையில் வந்தார். ஒரு வாரமாகத் தரையில் சாய்ந்து கிடக்கிறது என்றார். வீட்டில் அவர் அம்மா குழம்பு வைத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். "பன்னெண்டு வருசம் நாம அதுக்குச் சோறு போட்டோம், ஒரு நாள் அது நமக்குப் போடட்டுமே" என்றாராம். அந்த அம்மாவை நான் குறையே சொல்ல மாட்டேன். மீனை வீணாக்குவது எங்கள் பக்கத்து வீடுகளில் பெரிய தப்பு. என்ன மருந்து கொடுத்தாய் என்று கேட்டேன். கவரிலிருந்து மூன்று பாட்டில் எடுத்து வைத்தார். ஒன்று மாலகைட் பச்சை கலந்தது. அதோடு மனிதர்களுக்கான ஆன்டிபயாடிக் மாத்திரை அட்டை ஒன்று. பேச்சு அங்கேயே முடிந்தது.

அவருக்குச் சொன்ன வழி இது. நாட்டு மருந்துக் கடையில் லவங்கத் தைலம் வாங்குங்கள். மீன் மூழ்கும் அளவு தொட்டித் தண்ணீரையே வாளியில் எடுத்து மீனை விடுங்கள். சின்னப் பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீரோடு சில சொட்டுத் தைலம் விட்டு, பால் போல ஆகும் வரை குலுக்குங்கள். தைலம் தானாகக் கரையாது. அதை மெதுவாக ஊற்றினால் சில நிமிடத்தில் மீன் மயங்கிச் சாயும். அதற்கப்புறம் 10 லிட்டருக்கு 4 மில்லி கணக்கில் தைலத்தை அதே மாதிரி கலந்து ஊற்றுங்கள். செவுள் அசைவு நின்ற பிறகும் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். அவசரப்பட்டு எடுத்தால் சில மீன் மறுபடி மூச்சு விடும். இப்படிப் போன மீனையும் சாப்பிடக் கூடாது.

உயிரோடு கழிப்பறையில் ஊற்றுவது, ஃப்ரீசரில் வைப்பது, தரையில் போட்டுத் துடிக்க விடுவது, மூன்றும் வேண்டாம்.

அந்தத் தம்பி வீட்டில் முருங்கை மரத்தடியில் புதைத்தார்கள். குழி தோண்டியது அவர் அம்மா. நாய் கிளறாதபடி ஒரு முழ ஆழம் தோண்டியிருக்கிறார்.

கொல்ல மனசு வரவில்லை. ரெட்டேரியிலோ புழல் ஏரியிலோ விட்டுவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். தீனி கைக்கு வந்து பழகிய கிழ மீன் ஏரியில் பட்டினி கிடந்தோ கொக்குக்கு இரையாகியோதான் போகும். நோய் இருந்தால் அதையும் ஏரிக்குக் கொடுத்துவிடும். டேங்க் கிளீனர் என்று நாம் விற்ற முள் கெளுத்தி எத்தனை நீர்நிலைகளில் பெருகி வலைகளைக் கிழிக்கிறது என்பதை மீன் பிடிப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் தொழில் செய்த கேடு அது. சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. கோயில் குளமும் வேண்டாம், அங்கேயும் இதே கதைதான்.

பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

உள்ளபடி சொல்லுங்கள். ஊருக்குப் போய்விட்டது என்று சொல்லாதீர்கள். அதே மாதிரி இன்னொன்றை வாங்கி ராத்திரியோடு ராத்திரியாக மாற்றி வைக்காதீர்கள். நிறைய பேர் அதற்காகக் கடைக்கு வருகிறார்கள், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். எல்லாவற்றையும்விட மோசம், சமைத்துவிட்டுச் சாப்பிட்ட பிறகு சொல்வது. சிறு வயதில் தன் தங்கமீனை அப்படி வறுத்துக் கொடுத்ததாக ஒரு பெண்மணி சொன்னார். நாற்பது வயது தாண்டியும் அவர் வீட்டில் மீன் வாங்குவதில்லை.

நாங்கள் ஏற்கனவே சாப்பிட்டுவிட்டோம். இப்போது படித்துப் பயமாக இருக்கிறது.

ஒரு வேளை சாப்பிட்டதால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. வாந்தி, பேதி, சிறுநீர் குறைவது என்று ஏதாவது இருந்தால் மருத்துவமனைக்குப் போய் என்ன சாப்பிட்டோம் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் விடுங்கள். பசிக்காகவோ வீணாகக் கூடாது என்றோ செய்திருப்பீர்கள். அதை வைத்து உங்களைக் கெட்டவர் என்று நான் நினைக்க மாட்டேன்.

தொட்டி காலியாக இருக்கிறது. அடுத்த மீனை எப்போது விடலாம்?

நோயில் போன மீன் என்றால் மணலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரில் ஊற வைத்துக் கழுவி, நல்ல வெயிலில் நாலைந்து நாள் காய விடுங்கள். தண்ணீர் நிரப்பி ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு வாருங்கள். தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் நுண்ணுயிர்கள் ஃபில்டரில் வளரத்தான் அந்தத் தீனி. மூன்று நாலு வாரம் கழித்து மீன் வாங்க வாருங்கள்.

ஆஸ்கார் கேட்டால் வீட்டில் 250 லிட்டர் தொட்டி இருக்கிறதா என்று முதலில் கேட்பேன். கையில் காட்டும்போது குஞ்சு விரல் நீளம்தான் இருக்கும். இது ஒரு அடி வளரும், 12 வருடம் கூட இருக்கும், உங்கள் பிள்ளை இப்போது மூன்றாம் வகுப்பு என்றால் காலேஜ் முடிக்கும் வரை இருக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் கவரில் காற்று நிரப்பிக் கட்டிக் கொடுப்பேன்.